என் கையெழுத்துக்கு மேலே எழுதியிருந்தது

1

எங்கள் தெருவுக்குப் பார்சல் கொண்டுவருகிற போலந்துக்காரருக்கு என்னைக் கண்டாலே சலிப்பு. கையெழுத்துப் போடச் சொல்லி அவர் நீட்டுகிற சின்ன இயந்திரத்தை வாங்கி, திரையில் இருப்பதை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டுத்தான் விரலை வைப்பேன். மழையில் நனைந்தபடி அவர் நிற்பார். என் மகள் மதுமிதா மாடிப்படியில் உட்கார்ந்து சிரிப்பாள்.

"அம்மா, அது வெறும் பார்சல். உங்க கிட்னியையா எழுதி வாங்குறார்?"

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறோம். முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. அங்கேயும் இப்படித்தான். யாருக்கு எத்தனை மணிக்கு என்ன மாத்திரை கொடுத்தோம் என்ற புத்தகத்தில், மற்றவர்கள் பேசிக்கொண்டே கையெழுத்திட்டுப் போவார்கள். நான் வரிவரியாக வாசிப்பேன். கவனமானவள் என்று மேற்பார்வையாளருக்கு என்மேல் நல்ல எண்ணம். அது கவனம் இல்லை, பயம். அந்தப் பயத்தில் பாதிக்குத்தான் எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. மறுபாதி போன வருடம் தெரியவந்தது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் சிலருக்காவது இப்படி ஒரு காகிதம் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும். அதனால்தான் எழுதுகிறேன்.

பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இங்கே நண்பகல், அங்கே மாலை ஐந்தரை. மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தங்கை பரமேஸ் கூப்பிட்டாள். அவள் அங்கே பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள்.

"அக்கா, அண்ணனத் தேடி வந்துட்டு இப்பத்தான் போறாங்க."

இதில் புதினம் ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒரு தரம் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வருவார்கள். ரவீந்திரன் எங்கே, போன் பண்ணினானா, காசு அனுப்புகிறானா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். ரவி அண்ணனை யுத்த காலத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனது பொலிஸ். அவர் எங்கே என்று எங்களிடம் கேட்டு வருவதும் பொலிஸ். மின்சார மீற்றர் பார்க்க வருகிறவரைப் போல அவர்களுக்கும் நாங்கள் பழகிப்போயிருந்தோம்.

வழக்கமாகப் பரமேஸ் அதோடு பேச்சை மாற்றிவிடுவாள். அன்று மாற்றவில்லை.

"ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"அண்ணன் ஒங்க கூடத்தான இருக்கு?"

எனக்கு விளங்கவில்லை. "என்னா பேசுற நீ?" என்றேன்.

"மதுவுக்குச் சடங்கு செஞ்ச ஃபோட்டோ அனுப்புனீங்கல்ல. அதுல கதவுக்குப் பின்னால ஒரு ஆளு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிது. தோள்பட்டை அப்படியே அண்ணன்தான். எத்தன வருசமா அத எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

அது என் கணவரோடு வேலை செய்கிறவர். கேமராவைக் கண்டால் திரும்பிக்கொள்கிற மனிதர். சொன்னேன். அவள் நம்பவில்லை.

"அண்ணன் ஸ்டேசனவிட்டு வெளிய வந்ததப் பாத்ததே நீங்கதானாம். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களாம். இவங்க வாறப்ப எல்லாம் சொல்லிட்டுத்தான் போறாங்க. நான்தான் இத்தன நாளும் ஒங்ககிட்ட கேக்கல."

என்னை அறியாமல் திரும்பி எங்கள் வீட்டு நடைக் கதவைப் பார்த்தேன். அது கொஞ்சம் திறந்திருந்தது. அங்கே யாரும் இல்லை. ஆனாலும் எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் என்னால் பேச்சைத் தொடர முடிந்தது.

2

அண்ணனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கொழும்பில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலைக்கு நின்றார். மஞ்சள் காமாலை வந்து, உடம்பு தேறும்வரை வீட்டுக்கு வந்திருந்தார். கொழும்பில் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் இரண்டு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். அறைவாசிகளின் பெயர்களைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. அந்தப் பதிவில் மூன்று பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. வேறு எந்தக் காரணத்தையும் இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

காலை. அப்பா பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, ஆட்களோடு மலைக்கு ஏறிவிட்டார். பதினொரு வயது பரமேஸ் பள்ளிக்கூடத்தில். ஜீப் ரோட்டிலேயே நின்றது. நான்கு பேர் தேயிலைக்கு நடுவே படியில் இறங்கி வந்தார்கள். "ஒரு வாக்குமூலம். மத்தியானம் அனுப்பிருவோம்" என்றார் தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள். அண்ணன் கொடியில் கிடந்த நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். பொத்தான்களை நடந்துகொண்டேதான் போட்டார்.

மூன்று நாள் அம்மாவும் நானும் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தோம். அது எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. நாலாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். அதே கான்ஸ்டபிள் பெரிய புத்தகமொன்றைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார்.

"பாருங்க. அன்னைக்கே பின்னேரம் விட்டாச்சு. இது ஒங்க அண்ணன் கையெழுத்துத்தானே?"

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "அவந்தானா பாரு" என்று என் கையைப் பிடித்தார். பார்த்தேன். மு. ரவீந்திரன். கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் கோடாக இழுத்திருந்தது. பெரிய உத்தியோகத்தர் போலக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று பழைய பேப்பர் ஓரங்களில் எழுதி எழுதிப் பழகியவர் அவர். சந்தேகமே இல்லை.

"ஆமாங்க சேர்" என்றேன். சந்தோசமாகத்தான் சொன்னேன். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நான் சொன்னது ஒரு சொல். அவர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். சிங்களத்தில் எழுதினார், எழுதினார், முக்கால் பக்கம் போனது. பேச மட்டும் கொஞ்சம் தெரிந்த எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. "மெதன அத்சன் கரன்ன" என்று அடியில் விரலை வைத்தார். இங்கே கையெழுத்துப் போடு என்கிறார் என்பது விளங்கியது. அண்ணனைப் போலவே வாலை நீட்டி அழகாகப் போட்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. அரசாங்கக் காகிதமொன்றில் நான் வைத்த முதல் கையெழுத்து அது.

அண்ணன் பயந்து கொழும்புக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். கடைக்கு அவர் வரவில்லை. பிறகு அம்மா போகாத இடம் இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர்கள் அந்த நிலையத்துக்குப் போன் எடுத்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "விடுதலை செய்தாயிற்று, குடும்பத்தாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்" என்று கோப்பை மூடுவார்கள். உள்ளே விடுதலைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டுப் பின்பக்கத்தால் வேறு இடத்துக்குக் கொண்டு போவதும் நடப்பதுதான் என்று வெகுகாலம் கழித்து ஒரு வழக்கறிஞர் சொன்னார். அதற்குள் நான் கல்யாணம் செய்து கடல் கடந்திருந்தேன். என்னுடைய "ஆமாங்க சேர்" என்னோடு வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பாதிக் காரணம் என்று மேலே எழுதினேனே, அது இதுதான்.

3

பரமேஸ் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. காணாமல் போனவர்களைப் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்க ஒரு விசாரணைக் குழு மலையகத்துக்கு வருவதாகவும், எங்கள் கோப்பும் அதில் இருப்பதாகவும் அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. ஏப்ரலில் லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மதுவும் வருகிறேன் என்றாள். அவளுக்கு ரவி மாமா என்றால் ஒரு மங்கிய கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான்.

ஹட்டனில் பஸ் ஏறினோம். நோட்டன் பிரிட்ஜை நெருங்க நெருங்கப் பனிமூட்டம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இறங்கியபோது மின்கம்பிகள் தலைக்கு மேலே எங்கேயோ இரைந்தன. சத்தம் இருந்தது, கம்பி தெரியவில்லை. பரமேஸ் ரோட்டோரத்தில் குடையோடு நின்றாள். மதுவைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அவள் கண் எங்கள்மேல் இல்லை. நாங்கள் இறங்கிய பிறகும் பஸ் கதவையே பார்த்தாள். பஸ் கிளம்பி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டில் உள் அறைக் கட்டிலில் ஆண்கள் உடுத்துகிற புதுச் சாரம் ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தார். "இது ஒன் வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டேன். அவள் அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கும் தெரியுமாம். நான் இங்கிலாந்து போன அடுத்த வருடமே, அண்ணனைத் தேடி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் மூத்த மகள்தான் அவன் வெளியே வந்ததைப் பார்த்தாள் என்று. நாலாம் நாள் தன்னோடு நின்ற மகள், முதல் நாள் பின்னேரம் தனியாக எப்போது அங்கே போனாள் என்று அம்மா யோசித்திருக்கிறார். அன்று பின்னேரம் நான் கடைக்குப் போயிருந்தது ஞாபகம் வந்திருக்கிறது. பிறகு அம்மாவே ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டார். நான் அண்ணனை எங்கேயோ ஒளித்து, வெளிநாட்டுக்கு எடுத்து, என்னோடு வைத்திருக்கிறேன். போனில் ஒட்டுக் கேட்பார்கள் என்பதால் வெளியே சொல்லாமல் இருக்கிறேன்.

"அதான் அம்மா ஒங்ககிட்ட வாயத் தொறந்து கேட்டதே இல்ல. நீங்க போன் பண்ணுறப்ப கடைசியா என்னா சொல்லும்? எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு, அப்புடின்னு சொல்லும்ல?"

சொல்லும். ஒவ்வொரு முறையும் சொல்லும். அந்த 'எல்லாரும்' என் கணவரும் மதுவும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சாகுறப்பவும் அழல அக்கா. அவன் சொகமா இருக்கான், தங்கச்சி பாத்துக்குவா, அப்புடின்னுச்சு. சிரிச்ச மொகத்தோடதான் போச்சு."

மதுவுக்கு மலையகப் பேச்சு பாதிதான் விளங்கும். ஆனால் இது விளங்கிவிட்டது. என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தபடி இருந்தாள்.

"பரமேஸ், நான் பாக்கல" என்றேன். "அந்தக் கையெழுத்த மட்டுந்தான் பாத்தேன்."

"அப்ப ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

4

விசாரணை நடந்தது, ஹட்டனை அடுத்த டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைமை வகித்தவர் நடுத்தர வயதுப் பெண் வழக்கறிஞர், சிங்களவர். மொழிபெயர்க்க ஒரு பெரியவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

பொலிஸ் கோப்பின் பிரதிகளில் என்னுடைய தாளும் இருந்தது. அடியில் வாலை நீட்டிய என் பெயர்.

"இது உங்கடை கையெழுத்தோ பிள்ளை?" என்று பெரியவர் கேட்டார்.

தாளை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். பிறகு, "கையெழுத்து என்னோடது. மேல இருக்கிறது என்னான்னு எனக்குத் தெரியாதுங்க. வாசிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"இவ்வளவு காலமும் உங்களுக்கு ஆரும் வாசிச்சுக் காட்டேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். ரவீந்திரன் என்பவர் எனது சகோதரர். அன்று பிற்பகல் நான் பொலிஸ் நிலைய வாயிலில் காத்திருந்தேன். அவர் வெளியே வந்ததை என் கண்ணால் கண்டேன். நீல நிறச் சட்டை அணிந்திருந்தார். உடம்பில் காயம் எதுவும் இருக்கவில்லை. தான் தூர இடத்துக்குப் போவதாகவும் தன்னைத் தேட வேண்டாம் என்றும் என்னிடம் கூறினார். பின்னர் பஸ் நிலையத்தின் பக்கமாக நடந்து சென்றார்.

நான் சட்டையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் காலை வீட்டில் இருந்த அம்மாவும் நானும், கூட்டிக்கொண்டு போன நான்கு பேரும்தான் அதைப் பார்த்தவர்கள். எழுதியவர் என் வாயிலிருந்து வராத பொய்யை எழுதும்போது, அதற்குள் தான் கண்ணால் கண்ட ஓர் உண்மையையும் வைத்திருந்தார். காயம் இருக்கவில்லை என்று ஏன் எழுத வேண்டும்? யார் கேட்டார்கள்?

தலைவர் ஏதோ சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்தார். "இதை நீங்கள் மறுக்கிறியளோ எண்டு கேக்கினம். யோசிச்சுச் சொல்லுங்கோ. ரெண்டு வாக்குமூலமும் ஒண்டுக்கொண்டு முரண் எண்டால், முதல் ஏன் ஒப்பம் வைச்சனீங்கள் எண்டு உங்களிட்டையும் கேள்வி வரலாம். பொய்ச் சாட்சி எண்டு ஆரும் வழக்குப் போடவும் இடமிருக்கு."

பத்து நிமிடம் அவகாசம் தந்தார்கள். வெளி விறாந்தையில் நின்றோம். பனி விறாந்தைத் தூண்வரை வந்திருந்தது. மது என் காதோரம், "அம்மா, லாயர் இல்லாம ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களைப் போக விடாட்டி?" என்றாள். பரமேஸ் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வேணாம். விட்டுருங்க. அந்தக் காயிதத்துலயாச்சும் அண்ணன் நடந்து போகுது."

அந்த நேரம் அவர் நடந்து போவது என் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்தது. கேட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நிலையத்து வாசல், பின்னேர வெயில், நீலச் சட்டை, அண்ணன் என்னைப் பார்த்து வருகிறார். பொத்தான்களை நடந்துகொண்டே போடுகிறார். கொஞ்சம் சிரிக்கிறார். நான் நிற்காத இடத்தில் நின்று, நடக்காத ஒன்றை, மற்ற எல்லா ஞாபகங்களையும்விடத் துலக்கமாகப் பார்த்தேன். பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பும்போது அவருடைய முதுகு தெரிந்தது. பரமேஸ் ஃபோட்டோவில் பார்த்துக்கொண்டிருந்த அதே முதுகு.

இன்னும் ஒரு வருடம் விட்டால் நானே சத்தியம் செய்து சொல்வேன் என்று தோன்றியது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வழக்கைவிட அதுதான்.

உள்ளே போனேன். "நான் தமிழ்ல எழுதணும். என் கையாலயே" என்றேன். தாள் தந்தார்கள். அன்று பின்னேரம் நான் வாயிலில் நிற்கவில்லை. அண்ணன் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்த கையெழுத்து அவருடையது என்று மட்டுமே சொன்னேன். மேலே உள்ளதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. ஐந்து வரி. 'பார்க்கவில்லை' என்ற சொல்லில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. எழுதி முடித்ததும் என் கண்ணில் இருந்த வாசல் வெறுமையாகிவிட்டது. பெரியவர் அதை உரக்க வாசித்தார். பிறகுதான் கையெழுத்திட்டேன்.

பரமேஸிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, அக்கா பாக்கலன்னு எழுதிருச்சு. சரி. அப்ப ஒங்க காயிதத்துல இப்ப எங்கண்ணன் எங்க இருக்குது?"

பெரியவர் மொழிபெயர்த்தார். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவை சொல்லுறது என்னெண்டால்," பெரியவரின் குரல் தாழ்ந்திருந்தது, "புத்தகத்திலை ஒப்பம் இருக்கு. வெளியிலை வந்ததைக் கண்ட சாட்சி இப்ப ஒருத்தரும் இல்லை. அப்ப நிச்சயமாத் தெரிஞ்சது அவர் உள்ளை போனது மட்டுந்தான்."

"உள்ள போனது மட்டுந்தான்" என்று பரமேஸ் தனக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டாள்.

5

நாங்கள் திரும்பும்வரை அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. கோபமா என்று கேட்டதற்கு, "அம்மா செத்தப்ப அழுகை வரல. இப்பதான் வருது" என்றாள். பஸ் ஏறும்போது மதுவின் கையில் வறுத்த கடலைப் பொட்டலம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

என்மேல் வழக்கு எதுவும் வரவில்லை. குழு தன் அறிக்கையை எங்கே கொடுத்தது, கொடுத்ததா என்றே தெரியவில்லை. என் புதிய வாக்குமூலத்தின் உறுதிப்படுத்திய பிரதியொன்று முத்திரையோடு பரமேஸுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தது. மது இப்போது அடிக்கடி சித்தியோடு பேசுகிறாள். 'என்னா' என்று இழுக்கப் பழகிவிட்டாள். சட்டம் படிப்பதா என்று யோசிக்கிறாள். எனக்கு அந்த வாசல் இன்னும் சிலவேளை வரும். வேலையில், யாருக்காவது போர்வை மடித்துக்கொண்டிருக்கும்போது வரும். ஆனால் யாரும் வெளியே வருவதில்லை.

ஜூலையில் ஒரு காலை. இங்கே ஆறு மணி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பரமேஸ் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் பிள்ளை மடுவத்தில் இருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, இன்னைக்கி லீவு போட்டுட்டேன். ஸ்டேசனுக்கு வந்திருக்கேன்."

"கூப்பிட்டாங்களா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். எங்கண்ணன இங்கதான் கூட்டிக்கிட்டு வந்தாங்க, பாக்க வந்திருக்கேன்னு சொன்னேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பரமேஸ் அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். கவுண்டரில் ஒரு பொம்பளப் பொலிஸ். சின்ன வயசு. தமிழ் நன்றாகப் பேசுகிறாள். பெயர் என்ன, எப்போது கொண்டுவந்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். நேற்றோ முந்தாநாளோ பிடித்த யாரோ என்று நினைத்துவிட்டாள் போல. பரமேஸ் அந்தப் பிரதியை நீட்டியிருக்கிறாள். அந்தப் பெண் நின்றபடி வாசித்திருக்கிறாள், கடைசி வரிவரை. வாசித்துவிட்டு முத்திரையைப் பார்த்திருக்கிறாள், பரமேஸின் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"திட்டுவான்னு நெனச்சேன் அக்கா. ஒண்ணுஞ் சொல்லல. ஒக்காருங்க, பாத்துட்டு வாறேன்னு சொல்லிட்டு உள்ள போனா."

"அப்புறம் வந்து என்னா சொன்னா?"

"இன்னும் வரல. பெஞ்சிலதான் ஒக்காந்திருக்கேன்." அவள் மூச்சுக் கேட்டது. பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உள்ள ஒவ்வொரு கதவாத் தொறக்குற சத்தம் கேக்குது அக்கா."